மெரூன் காரின் இடது பக்கம்

அன்று காலை பத்து மணிக்குக் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: கார் கழுவுகிற நான், கூட வேலை பார்த்த வினோத், குடவாசல் பக்கமிருந்து காரோடு வந்த அன்வர் பாய். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. கடையை நடத்துகிற நூர்ஜஹான் அக்கா மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தார். காரின் சொந்தக்காரர் சலீம் குவைத்தில் இருந்தார். மறுநாள் மத்தியானம் திருச்சியில் வந்து இறங்கப் போகிறார். இல்லாத இரண்டு பேரும் வருவதற்குள் காரைச் சரி பண்ணிவிட வேண்டும் என்று, இருந்த மூன்று பேரும் ஆளுக்கொரு காரணத்தோடு நினைத்தோம். அதில் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

இதை எழுதச் சொன்னது இப்போது கடையில் இருக்கிற புது ஆட்கள். எனக்கு இருபத்தொன்பது வயதில் பணி ஓய்வு. சிரிக்க வேண்டாம், கடையில் மாலை போட்டு, சுண்டல் கொடுத்து, முறையாகத்தான் அனுப்பினார்கள். ஏழு வருஷம் கையுறை இல்லாமல் கார் கறை எடுக்கிற மருந்தில் கை வைத்ததில் உள்ளங்கைத் தோல் உரிய ஆரம்பித்தது. டாக்டர் ஒரே வார்த்தையில், "கெமிக்கலை விட்டுடுங்க" என்றார். இப்போது தஞ்சாவூரில் இன்சூரன்ஸ் சர்வே பார்க்கிறவரிடம் வேலை. அடிபட்ட கார்களைப் போட்டோ எடுக்கிறேன். ஆனாலும் வாரத்துக்கு ஒரு போன் வந்துவிடும். "அண்ணே, கஸ்டமர் வீடியோ பாத்துட்டு கார்ல ஒட்டின மரப்பிசினுக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுட்டாருண்ணே, இப்ப என்ன பண்றது?" ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லி முடிக்கும்போது என் டீ ஆறிப்போகிறது. எழுதிக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நடவு, களை, அறுப்பு என்று வயலுக்குப் போனவர்கள். பி.காம். முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும் கொஞ்ச நாள் என்று கும்பகோணம் – குடவாசல் ரோட்டில் இருந்த அந்த வாட்டர் வாஷ் கடையில் சேர்ந்தேன். முதல் வருஷம் தண்ணீர் அடித்தேன். இரண்டாம் வருஷம் சீட்டுக்கு அடியில் முறுக்குத் தூள் பொறுக்கினேன். மூன்றாம் வருஷம் பாலிஷ் மெஷினைத் தொட விட்டார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

அக்காவுக்கு என்னைவிட நாலு வயதுதான் கூட. அவர் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் கார் பாலிஷ் கம்பெனியில் இருந்தார். அங்கே அவர் கற்றுக்கொண்டதை ராத்திரி வாய்ஸ் மெசேஜில் அனுப்புவார். மறுநாள் காலையில் அக்கா அதைக் கடையில் போட்டுவிடுவார். குழம்பு வைக்கச் சொல்கிற மாதிரி இருக்கும் அந்தக் குரல். "ரொம்ப அழுத்தாத, நூரு. ஊற விடு. ஊறினா தானா வரும்." முதலாளி இல்லாமல் முதலாளியின் குரலில் தொழில் நடந்தது.

அக்கா என்னை வைத்துக்கொண்டதற்குக் காரணம் டிகிரி இல்லை. பாட்டிலில் ஒட்டியிருக்கிற லேபிளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பேன். தெரியாத இங்கிலீஷ் வார்த்தைக்குப் போனில் அர்த்தம் பார்த்து, பாட்டில் மேலேயே தமிழில் எழுதி ஒட்டுவேன். "சார் லேபிள் படிக்கிறாரு, யாரும் தும்மாதீங்க" என்பான் வினோத். பிசின் எடுக்கிற மருந்தின் லேபிளில் நாலாவது வரி, மறைவான இடத்தில் முதலில் தொட்டுப் பார்க்கவும் என்றிருந்தது. அதையும் நான்தான் தமிழில் எழுதி ஒட்டினேன். இது பின்னால் வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் ஒரு முறை உண்டு. வண்டி உள்ளே வந்ததும் தண்ணீர் படுவதற்கு முன்னால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே சுற்றி வருவார். கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசிக்கொண்டு வருவார். "வலது முன் கதவு, ஒரு கோடு, ஏற்கனவே இருக்கு. பம்பர்ல சின்ன நசுங்கல், ஏற்கனவே இருக்கு." சுற்றி முடித்ததும், சுகர் இருக்கா என்று நர்ஸ் கேட்கிற குரலில் ஒரு கேள்வி கேட்பார். "எங்கயாவது பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா?" அதற்கு ஆமாம் அல்லது இல்லை என்றுதான் பதில் வர வேண்டும். வேறு எதுவாக வந்தாலும் அக்கா ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்விளிம்பில் ஒரு சொட்டு மருந்து தொட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்ப்பார். பானெட், டிக்கி, நாலு கதவு, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. கால் மணி நேரம் போகும். கஸ்டமர் முணுமுணுப்பார். அக்கா காதில் விழாது.

எத்தனையோ வண்டி வந்து போனாலும் அந்த மெரூன் காரை மறக்க முடியவில்லை.

மாசி மாதம். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அன்வர் பாய்க்கு மளிகைக்கடை. கார் அவர் சம்சாரத்தின் தம்பி சலீமுடையது. போன லீவில் வாங்கி, ஒரு மாசம் ஓட்டிவிட்டு, குவைத்துக்குத் திரும்பும்போது வீட்டுப் பெரியவர்கள் முன்னால் சாவியை மச்சான் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "அண்ணன் தம்பி இருந்தும் உங்ககிட்டதான் கொடுக்குறேன் மச்சான்" என்று சொன்னாராம். அந்த வார்த்தையைப் பாய் எங்களிடம் மூன்று தடவை சொன்னார்.

வீட்டு வாசல் தார் ரோட்டில் தெருவே சேர்ந்து நெல் காயப் போட்டிருந்தது. காரை எடுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பாய் அதைக் கொண்டுபோய்க் களத்தோரம் மாமரத்தடியில் விட்டார். மறுநாள் அறுவடை மெஷின் வந்தது. மெஷின் போக வழிவிட்டு ஒரு கிளையைக் கழித்தார்கள். வெட்டுவாயிலிருந்து பால் சொட்டியது, நேராகக் கார் மேல். பாய் பார்த்தார். பதறிப்போய்க் காரை மூடினார். மூடியது எதால் என்றால், நெல் காயப் போடுகிற படுதாவால். அந்தப் படுதாவில் ஒரு போகத்துத் தூசி, சுணை, பதர் எல்லாம் இருந்தது. எல்லாம் பிசினில் உட்கார்ந்துகொண்டது. பத்து நாள் கழித்துப் படுதாவை இழுத்தபோது கார் எள்ளு உருண்டை மாதிரி வந்திருக்கிறது. சம்சாரம், பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவுகிற நினைப்பில், "தேங்காயெண்ணெய் போடுங்க, போயிரும்" என்று சொல்ல, இவர் ஒரு லிட்டர் காலி பண்ணிவிட்டார். கடைக்கு வந்தபோது கார் மெரூனா கறுப்பா என்று தெரியவில்லை.

வினோத் சுற்றி வந்து பார்த்தான். "பாய், இதைக் கழுவணுமா, தாளிக்கணுமா?"

"தம்பி, நாளைக்கு ரெண்டு மணிக்கு பிளைட்டு. இந்தக் கார்லதான் கூப்பிடப் போகணும். அவன் முன்னாடி நான் தலை நிமிந்து நிக்கணும். பாத்துப் பண்ணுங்க."

அக்கா இருந்தால் இந்த இடத்தில், "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லியிருப்பார். நான், "போயிரும் பாய், கவலைப்படாதீங்க" என்றேன். அதுதான் முதல் தப்பு. தனியாக இவ்வளவு பெரிய வேலை என் கைக்கு வந்ததில்லை. அக்கா திரும்பி வரும்போது கார் பளபளவென்று நிற்க வேண்டும், அவர் ஒரு நிமிஷம் பேசாமல் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வீடியோ எடுத்தேன். கேள்வியும் கேட்டேன். "எங்கயாவது பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா பாய்?"

"எட்டு மாசம் ஆன காருக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா தம்பி?" என்றார் பாய்.

நானும் சிரித்துவிட்டேன்.

புது ஆட்களே, இனி வருவது உங்களுக்கு. பிசின் காரை முதலில் நிழலில் விடுங்கள். தகடு சூடாக இருந்தால் மருந்து வேலை பார்ப்பதற்குள் காய்ந்து கறையாகும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அடுத்து நிறையத் தண்ணீர், நிறைய ஷாம்பு நுரை. தேய்க்கக் கூடாது. பிசினில் ஒட்டிய நெல் சுணையும் உமியும் உப்புத்தாளுக்குச் சமம். தேய்த்தால் பெயிண்டில் கோடு கோடாக இழுக்கும். நுரை தானாக வழிந்து தூசியைக் கொண்டுபோகட்டும். நாங்கள் அன்று மூன்று தடவை நுரை அடித்தோம். முதல் தடவை தேங்காயெண்ணெய் வந்தது, இரண்டாவது தடவை வைக்கோல் தூசி, மூன்றாவது தடவைதான் மெரூன் நிறம்.

பிறகு வெந்நீர். கை பொறுக்கிற சூடுதான். துண்டை அதில் நனைத்துப் பிழிந்து பிசின் மேல் போர்த்தி ஐந்து நிமிஷம் விடுங்கள். காய்ந்துபோன பிசின் வெல்லப்பாகு பதத்துக்கு இளகும். இப்போது மைக்ரோஃபைபர் துணியில் மருந்தை நனைத்து அதன் மேல் வையுங்கள். வைத்துவிட்டு முப்பது எண்ணுங்கள். அக்கா வாய்க்குள் எண்ணுவார். உதடு மட்டும் அசையும். முப்பது முடிந்ததும் துணியைத் தூக்கினால் பிசின் அதோடு வரும். வரவில்லையா, இன்னொரு முப்பது. நகம் வைக்காதீர்கள், பிளேடு வைக்காதீர்கள், ஏ.டி.எம். கார்டும் வேண்டாம். துணியின் ஒரு முகம் ஒரு தடவைக்குத்தான்; அதையே திருப்பி வைத்தால் எடுத்த பிசினைத் திரும்ப அப்புகிறீர்கள். அப்புறம் மருந்தை உடனே ஷாம்பு தண்ணீரால் கழுவி எடுங்கள். கடைசியில் வேக்ஸ், ஏனென்றால் மருந்து பிசினோடு சேர்த்து பழைய வேக்ஸையும் கொண்டுபோயிருக்கும். கையுறை போடுங்கள். என் கையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

டிரைவர் கதவின் உள்விளிம்பில் ஒரு சொட்டு தொட்டுப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அது போதும் என்று முடிவு பண்ணினேன். மற்றக் கதவுகளைத் திறக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. லேபிளில் நாலாவது வரியை என் கையால் எழுதி ஒட்டியவன் நான்.

பானெட் அழகாக வந்தது. மேற்கூரை வந்தது. வலது பக்கம் இரண்டு கதவும் வந்தன. பாய் ஒவ்வொரு பிசின் சொட்டு போகும்போதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். இடது பக்கம் போனதும் அந்தச் சத்தம் நின்றது. அதையும் நான் கவனிக்கவில்லை. இடது பின் கதவு கழுவிய பிறகும் ஒரு சாயல் மங்கலாகத்தான் இருந்தது. படுதா மூடிக் கிடந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துணியை வைத்தேன். முப்பது எண்ணினேன். தூக்கினேன்.

வினோத் எட்டிப் பார்த்தான். "டேய், பிசின் இந்தக் கலர்லயா வரும்?"

துணி மெரூனாக இருந்தது. கதவில் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் இளகிச் சுருங்கி, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால் அன்வர் பாய் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்.

"குறுவை அறுப்பப்போ நெல்லு டிரெய்லர்ல சாத்திட்டேன் தம்பி. ரிவர்ஸ்ல. ஊருக்குள்ளயே ஒரு பட்டறையில ஒரே நாள்ல தட்டி அடிச்சுக் கொடுத்தான். வெயில்ல பாத்தா கலர் கொஞ்சம் மாறித் தெரியும். அதனால வீடியோ கால் வந்தா வலது பக்கத்தை மட்டும் காட்டுவேன்."

"நாலு மாசமாவா?" என்றான் வினோத்.

"நாலு மாசமா."

கம்பெனி பெயிண்ட் சூளையில் வேகவைத்தது. எங்கள் மருந்து அதை ஒன்றும் செய்யாது. அவசரத்துக்கு அடிக்கிற மட்டப் பெயிண்ட், எத்தனை மாசம் ஆனாலும் மருந்து பட்டால் கரையும். இது எனக்குத் தெரியும். இதற்காகத்தான் அக்கா அந்தக் கேள்வியே கேட்கிறார்.

"நம்ம கடை ஸ்டிக்கர ஒட்டிரலாம்டா" என்றான் வினோத்.

"பின் கதவுலயா?"

"பெரிய ஸ்டிக்கரா அடிப்போம். விளம்பரம்னு சொல்லிக்கலாம்."

பாய்கூட ஒரு நிமிஷம் அதை யோசித்தார் என்று முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. பின்னால் மகள். பள்ளி நாடகத்தில் மரம் வேஷமாம். உடம்பு முழுக்கப் பச்சைக் காகித இலை, தலையில் இரண்டு அட்டை மாங்காய்.

பாய் தலையில் கை வைத்தார். "இன்னொண்ணா?"

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கதவைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கையை நீட்டினார், நான் போனைக் கொடுத்தேன். நான் எடுத்த வீடியோவை நின்றபடி முழுசாகப் பார்த்தார். கடைசியில் என் கேள்வியும் பாயின் குரலும் என் சிரிப்பும் கேட்டன.

"கதிர், பாய் சொன்னது பதிலா, கேள்வியா?"

"கேள்விக்கா."

"எத்தனை கதவுல தொட்டுப் பாத்தே?"

"ஒண்ணு."

"காருக்கு?"

"நாலு."

அவ்வளவுதான். பாய் பக்கம் திரும்பினார். "பாய், இந்தக் கதவை முழுசாச் சுரண்டி நல்ல பெயிண்ட் அடிக்க மூணு நாள் ஆகும். நாளைக்கு முடியாது. மத்த இடத்துல பிசின் சுத்தமாப் போயிடும், அது எங்க பொறுப்பு. கதவை நீங்க உங்க மச்சான்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா இனிமே சாவியைக் கொடுப்பானாம்மா?"

"அது எனக்குத் தெரியாது. ஏர்போர்ட்ல அவரே பாத்தா என்ன ஆகும்னு தெரியும்."

பாய் கொஞ்ச நேரம் கார் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீடியோ கால் போட்டார். குவைத்தில் சலீம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பாய் வலது பக்கத்தில் ஆரம்பித்து, பானெட்டைச் சுற்றி, இடது பக்கத்துக்கு வந்தார். கதவின் முன்னால் நிறுத்தினார். "மச்சான், இது நான் பண்ணினது" என்றார். டிரெய்லர், பட்டறை, மாமரம், படுதா, தேங்காயெண்ணெய், ஒன்றையும் விடவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து, "ஏர்போர்ட்டுக்கு வாங்க மச்சான், பேசிக்கலாம்" என்ற குரல். லைன் போய்விட்டது.

மாலை வரைக்கும் வேலை பார்த்தோம். மிச்சக் கதவுகளை அக்கா சொல்லாமலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மாம்பால் ஊறிய இடங்களில் பிசின் போன பிறகும் லேசான தடம் இருந்தது. பாலிஷ் போட்டதில் பாதிக்கு மேல் மறைந்தது. முழுசாகப் போகாது. "போயிரும்" என்று யாருக்கும் சொல்லாதீர்கள். மரம் வேஷம் போட்ட பாப்பா சேரில் உட்கார்ந்து என்னோடு முப்பது எண்ணிக்கொண்டிருந்தது. பாய் போகும்போது கைகொடுத்தார். கை ஜில்லென்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கார் வந்து நின்றது. ஓட்டியது சலீம். பெட்டிகள் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. அன்வர் பாய் பின்னால், இடது பக்கம், அந்தக் கதவை ஒட்டி.

"அங்க உக்காந்துதான் வரணும்னு சொல்லிட்டான்" என்றார் இறங்கியபடி. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சலீம் காரைச் சுற்றி வந்தார். பானெட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். கூரையைத் தடவினார். ஓரிடத்திலும் பிசுக்கு இல்லை. கடைசியாக அந்தக் கதவின் முன்னால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இடிச்சது சரி, எல்லாரும் இடிக்கிறதுதான்" என்றார். "நாலு மாசமா போனை ஒரே பக்கமாப் புடிச்சாரே, அதுதாங்க தாங்கலை. வண்டியில ஒரு பக்கம்தான் வாங்கினேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மச்சான், கை வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிச்சுது" என்றார் பாய்.

சலீம் முதலில் சிரித்தார். பிறகு வினோத் ஸ்டிக்கர் யோசனையைச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சலீம் சாவியை எடுத்து எல்லோர் முன்னாலும் திரும்பவும் பாயின் கையில் வைத்தார். "பெயிண்டு கடைக்கு நீங்களே கொண்டுபோங்க மச்சான். லீவு முடிஞ்சு நான் போகும்போதும் உங்ககிட்டதான். மாமரம் மட்டும் வேண்டாம்." பர்ஸை எடுத்தார். "எவ்வளவு ஆகும்?"

அக்கா கையைக் காட்டித் தடுத்தார். "நீங்க அப்போ இங்க இல்லை. இருந்தவங்க கொடுக்கட்டும்."

"நீங்களும் இல்லையேம்மா" என்றார் பாய்.

"நான் இல்லை. கடை இருந்துச்சு."

கதவு பெயிண்டுக்கு ஐயாயிரத்து நானூறு ரூபாய் ஆனது. பாய் பாதி, கடை பாதி. என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா காதில் விழவில்லை. அதனால் அன்றைக்கே போய் ஒரு சுருள் மாஸ்கிங் டேப் வாங்கி வந்தேன், நாற்பது ரூபாய். அதற்கப்புறம் எந்தப் பிசின் கார் வந்தாலும், தொட்டுப் பார்த்த ஒவ்வொரு கதவிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, டிக் போட்டபிறகுதான் பிசின் மேல் மருந்துத் துணி படும். இன்றைக்கும் அப்படித்தான் என்று புது ஆட்கள் சொல்கிறார்கள். "நானும்தானே இருந்தேன்" என்று வினோத் எதிர்க்கடையிலிருந்து ஐந்து டீ சொன்னான், அறுபது ரூபாய்.

ஆக மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூறு.